நான் இலையான் தூண்டில் வீசிய நாள்

எனக்கு ஒழுங்காக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் எழுதுகிறேன். மறதியும் சேர்ந்துவிட்டது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்த ஒரு கதையை மட்டும் மறக்க என் வீட்டார் விடமாட்டார்கள். நான் சொல்லாவிட்டால் அவர்கள் உப்புப் புளி சேர்த்துச் சொல்லிவிடுவார்கள். அதைவிட நானே வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுவது நல்லது.

தோட்டவெளி என்ற ஊரில் பிறந்து வங்காலைக்கு வாழ்க்கைப்பட்டவள் நான். கூப்பன் அரிசிக் காலம் அது. ஆம்பிளைகள் நிற்கும் பக்கம் தலையைத் திருப்பவும் மாட்டேன், அப்படி ஒரு வெட்கம். (பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாலும் குரல் வெளியே வராது. "பிள்ளை, நீ கடவுளுக்கு மட்டும்தான் சொல்லுறாய்போலை, எனக்கு ஒண்டும் கேக்கேல்லை" என்று சுவாமியார் ஒருநாள் அலுத்துக்கொண்டார்.)

என் மனுசன், பெயர் சொல்ல இன்னும் வாய் வராது, இவர் என்றே வைத்துக்கொள்வோம், கலியாணத்துக்கு முன் மலைநாட்டில் ஓர் ஆற்றுக்குக் காவல்காரராக இருந்தவர். துரைமார் மீன் பிடிக்கும் ஆறு. அங்கே வலை போடக் கூடாது. தூண்டில்தான், அதிலும் இரை கிடையாது. சேவல் இறகைத் தூண்டில் முள்ளில் நூலால் கட்டி, இலையான் (அதுதான் ஈ) மாதிரிச் செய்து தண்ணீருக்கு மேல் வீசுவார்களாம். மீன் அதை உண்மை இலையான் என்று நம்பிப் பாயுமாம். சின்ன மீன் பிடிபட்டால் முத்தம் கொடுக்காத குறையாகத் திருப்பி விடுவார்களாம். ஒரு துரை கொடுத்த பழைய பிரம்புத் தூண்டிலோடு இவர் ஊர் வந்து சேர்ந்தார். ஒரே மாதத்தில் மாமியின் சேவல் அரை மொட்டை.

பின்னேரங்களில் வீட்டு வளவுக்குள் வைத்து எனக்கும் பழக்கினார்.

"பின்னாலை வீசு. நூல் நீளுமட்டும் பொறு. பிறகு முன்னாலை விடு. பின்னாலை பார்க்க மறந்திடாதை."

முதல் நாள் கொடியில் காய்ந்த மாமியின் சீலையைப் பிடித்தேன். அடுத்த நாள் முருங்கை மரத்தை. என்னிடம் இன்னொரு கெட்ட பழக்கமும் இருந்தது. சின்ன வயதில் அப்புவோடு வீச்சுவலை எறிந்து பழகியவள் நான். வலையின் ஓரத்தைப் பல்லால் கவ்விக்கொண்டு இடுப்பைச் சுழற்றி எறிய வேண்டும். தூண்டிலைத் தூக்கினாலும் என் வாய் சும்மா இராமல் நூலைக் கவ்விவிடும்.

"இஞ்சேர், அது வலையில்லை! வாயை எடு!" என்று இவர் தலையில் அடித்துக்கொள்வார்.

ஊருக்குப் பக்கத்தில் கண்டல் மரங்களுக்கு நடுவே ஓர் ஓடை இருக்கிறது. கடலிலிருந்து குஞ்சு மீன்கள் ஏறி வந்து வளர்கிற இடம். அதைக் கண் சின்ன வலை போட்டு நாள்தோறும் வழித்துக்கொண்டிருந்தார்கள். இவருக்குப் பொறுக்கவில்லை. ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் சந்தியோகுச் சம்மாட்டியாரை மறித்துவிட்டார். (வள்ளமும் வலையும் சொந்தமாக வைத்து, ஆள் பிடித்துத் தொழில் செய்கிறவர் சம்மாட்டியார். ஓடையில் ஓடிய வலைகளில் பாதி அவருடையவை.)

"ஓடையிலை வலையை நிப்பாட்டுங்கோ அண்ணை. தூண்டில் மட்டும் போடுவம். காவலுக்கு நான் நிக்கிறன்."

"கோழி இறகாலையோ ஊருக்குச் சோறு போடப் போறாய்?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "சரி, அந்த இறகாலை ஒரு கொடுவா பிடிச்சுக் காட்டு. வலையை எடுக்கிறன். இல்லையெண்டால் இந்தக் கதையை இதோடை விட்டிடு."

"நான் என்னத்துக்கு? என்ரை மனுசியே பிடிப்பா!"

வீட்டுக்கு வந்து இவர் இதை எனக்குச் சொன்னார்.

"ஏனப்பா என்னை இழுத்தனீங்கள்?"

"ரோசத்திலை வாயிலை வந்திட்டுது. நீ பிடிக்காட்டி நான் பழையபடி மலைநாட்டுக்கு வேலைக்குப் போறன். குஞ்சை வழிக்கிறதைப் பார்த்துக்கொண்டு இஞ்சை இருக்கேலாது."

மேலே போனால் வருசத்தில் ஒருமுறை, நத்தார் பண்டிகைக்குத்தான் வருவார். மாமியோடும் மொட்டைச் சேவலோடும் நான் தனியே கிடக்க வேண்டும். மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்துவிட்டுத்தான் ஓடைக்குப் போனேன்.

போனால் கரை முழுக்க ஆம்பிளைகள்! சம்மாட்டியார் கஞ்சி போட்ட புது நீலச் சாரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்வரிசையில். நான் முழங்கால் தண்ணீரில், எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். நூல் போகும் இடம் தெரிய வேண்டுமென்றால் பின்னால் பார்க்க வேண்டும். பின்னால் நிற்பது ஊர் ஆம்பிளைகள் அத்தனை பேரும். திரும்புவேனா?

"பின்னாலை பார்! பின்னாலை!" என்று இவர் கத்தினார்.

பார்க்காமலே வீசினேன். பழக்கதோசத்தில் வாய் தன் பாட்டுக்கு நூலைக் கவ்விக்கொண்டது. முன்னால் விட்டால் நூல் வரவில்லை. கண்டல் கொப்பில் கொளுவிவிட்டது என்று நினைத்து இழுத்தேன். கொப்பு கத்தியது.

"விடு பிள்ளை! ஐயோ, விடு!"

அது சம்மாட்டியாரின் குரல் என்று விளங்கியது. என்ன செய்ய? திரும்பிப் பார்க்க வெட்கம். பதில் சொல்ல வாயில் நூல். "ம்ம்… ம்ம்" என்றேன். பதறியதில் வீச்சுவலைக்காரியின் இடுப்பு தானாகச் சுழன்றது. இருந்த பலம் முழுவதையும் சேர்த்து எறிந்தேன்.

என் தலைக்கு மேலால் ஒரு நீலச் சாரம் பறந்துபோய் ஓடையின் நடுவில் அழகாக விரிந்து விழுந்தது. வாழ்நாளில் நான் எறிந்த மிகத் திறமான எறி அதுதான். அதற்குப் பின்னால் சம்மாட்டியார் என்னைத் தாண்டித் தண்ணீருக்குள் பாய்ந்தார். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

திறந்தபோது அவர் நெஞ்சளவு தண்ணீரில், சாரத்தை அள்ளி அணைத்தபடி நின்றார். தண்ணீர் வடிய வடியச் சாரம் துடித்தது. விரித்துப் பார்த்தார். உள்ளே திரளிக் குஞ்சு, கொடுவாக் குஞ்சு, றால் குஞ்சு, கடுகு கொட்டினது மாதிரி. கரையில் நின்றவர்கள் கிட்ட வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"ஒரு சாரத்துக்குள்ளை இவ்வளவோ?" என்றார் சம்மாட்டியார்.

"நீங்கள் வலையை வெயிலிலை உதறேக்கை தூசு மாதிரிக் கொட்டுறது இதுதான் அண்ணை," என்றார் இவர்.

குஞ்சுகளை விட்டால்தான் சாரத்தைக் கட்டலாம். இருந்தும் சம்மாட்டியார் அவசரப்படவில்லை. சாரத்தைத் தண்ணீருக்குள் தாழ்த்தி, கடைசிக் குஞ்சு போகும்வரை பொறுத்து நின்றார்.

"நாளையிலையிருந்து ஓடைக்குள்ளை வலை கிடையாது."

"அவ இன்னும் கொடுவா பிடிக்கேல்லையே, சம்மாட்டியார்?" கரையிலிருந்து ஒருவர் கேட்டார்.

"என்னைப் பிடிச்சவதானேடா! அதைவிட உனக்கு என்ன பெரிய மீன் வேணும்?"

இவர் மலைநாட்டுக்குப் போகவில்லை. ஓடைக்குக் காவல் நின்றார். பிறகு நான் ஒழுங்காக வீசப் பழகி, நல்ல கொடுவாக்களும் பிடித்தேன். அதை ஒருத்தரும் கதைப்பதில்லை. வீட்டில் யாராவது பெரிய மீனோடு வந்து பெருமையடித்தால், "அம்மம்மா பிடிச்ச நிறைக்கு வராது" என்கிறார்கள் பேரப்பிள்ளைகள். கோயில் திருநாளில் நான் செபமாலையோடு கையை உயர்த்தினால், கிட்ட நிற்கிற ஆம்பிளைகள் சாரத்தை ஒருமுறை இறுக்கிக் கட்டிக்கொள்கிறார்கள்.

ஒரு விசயத்தை மட்டும் யாராவது சரிபார்த்துச் சொல்ல வேண்டும். சாரம் அவருக்குக் காலால் கழன்றதா, தலையால் கழன்றதா என்று எங்கள் வீட்டில் இன்னும் சண்டை. உள்ளே காற்சட்டை இருந்தது என்று இவர் கடைசிவரை சொன்னார். அன்று கண்டலுக்குப் பின்னால் ஒளித்து நின்று பார்த்த மச்சாள், இவரின் தங்கச்சி, "இல்லவே இல்லை" என்கிறாள். அன்று கரையில் நின்ற யாராவது இதை வாசித்தால் உண்மையைச் சொல்லுங்கள். என்னைக் கேட்காதீர்கள். நான் பார்க்கவில்லை.