இடது ஓரத்தை எனக்கே திருப்பித் தரக் கோருதல்

அச்சன்புதூர்,
வெள்ளிக்கிழமை காலை.

நமது கால்பந்து அணியின் மதிப்பிற்குரிய பயிற்சியாளரும், என் அக்காள் நிர்மலாதேவியின் மூத்த மகனுமாகிய மணிகண்டபிரபுவுக்கு, தாய்மாமனும், இடது ஓர ஆட்டக்காரனும், புளியறை சோதனைச் சாவடி ஏட்டுமாகிய வல்லிநாயகம் எழுதிக்கொண்டது. கோச் என்ற முறையில் வணக்கம், மருமகன் என்ற முறையில் ஆசீர்வாதம். இரண்டையும் கலந்துவிடாமல் தனித்தனியாக வாங்கிக்கொள்ளவும். இங்கு நானும் உன் அத்தை உமாராணியும் நலம். சாரல் பிடித்துவிட்டதால் என் வலது முழங்கால் மட்டும் எனக்கு முன்பாகவே எழுந்து உட்கார்ந்துகொள்கிறது.

ரெண்டு தெரு தள்ளி இருக்கிறவனுக்கு எதற்குக் கடிதம் என்று நீங்கள் நினைக்கலாம். போன ஞாயிற்றுக்கிழமை செமி ஃபைனல் முடிந்ததும் அத்தனை பேர் முன்னாலும் "மாமா, குறை இருந்தா எழுதிக் குடுங்க, கிரவுண்டுல வச்சு எகிறப்படாது" என்று சொன்னது நீங்கள்தான். ஊரார் மனுவையெல்லாம் வாங்கி வாங்கி வைத்தவன் நான். இப்போது நானே ஒரு மனு எழுத வேண்டிய நிலைக்கு வந்துவிட்டேன். இதில் சொல்லப்போவதில் பாதி உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் வாக்குமூலம் என்றால் முதலிலிருந்துதான் வரும், பொறுமையாக வாசி.

நீ கேரளத்தில் கோச்சிங் படித்து லைசென்ஸோடு வந்த அன்று, எல்லாரையும் வேப்பமரத்தடியில் உட்கார வைத்து, டேப்லெட்டில் மைதானத்தைக் காட்டினாய். ஆளுக்கொரு வட்டம், வட்டத்துக்குள் பெயர். என் வட்டம் கோட்டோரத்தில் பாந்தமாகத்தான் இருந்தது. நீ ஒற்றை விரலால் அதைப் பிடித்து உள்ளே இழுத்தாய். "விங்கர் கோட்ட ஒட்டி ஓடி, கோலுக்கு முன்னால கிராஸ் போடுத காலமெல்லாம் போயிட்டு மாமா. நீங்க உள்ள வரணும், அவங்க பின்வரிசைல ஸ்டாப்பருக்கும் பேக்குக்கும் நடுவுல ஒரு சந்து இருக்குல்லா, அதுல. வெளிய லெஃப்ட் பேக் ஏறி வருவாரு" என்றாய். "அப்ப நான் எங்கன நிக்கணும்?" என்று கேட்டேன். "நிக்கவே கூடாது மாமா" என்றாய். நாற்பத்து மூன்று வயதுக்காரனிடம் சொல்லுகிற பேச்சாடே அது? அதோடு விட்டாயா, "கோட்ட ஒட்டி நின்னா அந்தக் கோடே உங்களுக்கு இன்னொரு டிஃபெண்டர்" என்று ஒரு தத்துவம் வேறு. அந்தக் கோடு இன்றுவரை ஒரு தடவைகூட என் காலை வாரிவிட்டதில்லை என்பதைப் பதிவு செய்துகொள்ளவும்.

எனக்குப் புரியாமல் இல்லை. சாவடியில் லாரி வராத நேரம் நானும் போனில் மேட்ச் பார்க்கிறவன்தான். உலகம் பூராவும் இப்போது வலதுகாலனை இடது ஓரத்திலும், இடதுகாலனை வலது ஓரத்திலும் நிறுத்துகிறார்கள். கிராஸ் போடத் தோதில்லாத காலோடு ஒருவனை ஓரத்தில் விட்டால் அவன் உள்ளேதான் திரும்புவான், திரும்பினால் எதிரே கோல் இருக்கும், அடிப்பான். நியாயம்தான். என்னைப் போல இடதுகாலை வைத்துக்கொண்டு இடது ஓரத்திலேயே பிழைத்தவனுக்கு இனி வேலை குறைவு என்பதும் தெரிகிறது. ஆனாலும் ஒன்றை யோசித்துப் பார். நான் ஓரத்தில் சும்மா நிற்பதாக உனக்குத் தெரிகிறது. நான் நிற்பதால் எதிராளி ஒருத்தன் என்னையே பார்த்துக்கொண்டு அங்கே நிற்க வேண்டியிருக்கிறது. அவன் அங்கே நிற்பதால் நடுவில் நம்ம பையனுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கிறது. பந்தைத் தொடாமலே நான் செய்கிற வேலை அது. இதை உன் டேப்லெட்டில் எந்த அம்புக்குறி போட்டும் காட்ட முடியாது. காத்திருப்பதும் ஆட்டம்தான் என்று சொன்னால் இப்போது யாரும் ஒத்துக்கொள்வதில்லை, எல்லாரும் எல்லா இடத்துக்கும் ஓட வேண்டும் என்கிறார்கள். ஓடுகிறேன். ஓடி முடித்த பிறகு மறுநாள் சாவடியில் லாரி மேல் ஏறித் தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்க எனக்குக் கால் வேண்டுமா இல்லையா?

இதெல்லாம்கூடப் போகட்டும். என் முக்கியக் குறை, எனக்குப் பின்னால் இடது பக்கம் தடுத்து ஆடுகிற லெஃப்ட் பேக் சம்பந்தப்பட்டது. மேற்படி லெஃப்ட் பேக் யாரென்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உன் அத்தையின் கூடப்பிறந்த தம்பி, லோடு ஆட்டோ ஓட்டும் செல்லச்சாமி. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு சாரல் சீசனில் அவன் வீட்டுப் பால்காய்ப்பு. எனக்கு அன்றைக்குக் குற்றாலத்தில் பந்தோபஸ்து, அருவியில் கூட்டம் தாங்கவில்லை, விடியக்காலம் வர வேண்டியவன் நனைந்த யூனிஃபார்மோடு மத்தியானம்தான் போய்ச் சேர்ந்தேன். பந்தல் வாசலில் சம்பந்தக்காரர்கள் எல்லாம் இருக்கும்போது அவன் சிரித்துக்கொண்டே "வாங்க வாங்க, போலீசு வந்தாச்சு, இனி கூட்டம் கலைஞ்சிரும்" என்றான். எனக்குச் சுருக்கென்றது. கை நனைக்காமல் திரும்பி வந்துவிட்டேன். "வீட்டுக்கு மூத்த மாப்ள இலைல உக்காராமப் போயிட்டாரு, இனி எனக்கும் அவருக்கும் பேச்சில்ல" என்று அவன் சொன்னதாகக் காதுக்கு வந்தது. அப்படியானால் எனக்கும் இல்லை என்று இருந்துவிட்டேன். தைப்பொங்கலுக்கு உன் அத்தைக்குத் தர வேண்டிய பொங்கப்படிச் சீரைக்கூட அவன் உங்கள் வீட்டில்தான் இறக்கி வைத்துவிட்டுப் போகிறான், நீதான் பைக்கில் வைத்து எங்கள் வீட்டுக்குக் கொண்டு வருகிறாய். கரும்பைப் பிடித்துக்கொண்டு உன் அத்தை வாசலில் நிற்பதை நீயும் பார்த்திருக்கிறாய்.

பழைய ஆட்டத்தில் இதனால் ஒரு இடைஞ்சலும் கிடையாது. அவன் பின்னால் நிற்பான், நான் முன்னால் நிற்பேன், நடுவில் பேச என்ன இருக்கிறது? ஏதாவது அவசரம் என்றால் கோல்கீப்பர் இசக்கி இருக்கிறான். "ஏலே இசக்கி, முன்னால நிக்கவுகளக் கொஞ்சம் எறங்கி வரச் சொல்லு" என்பான் அவன். "அதெல்லாம் அவுகளுக்குத் தெரியும்னு சொல்லுலே" என்பேன் நான். மூன்று சீசன் இப்படித்தான் ஓடியது, ரெண்டு கப் வேறு வாங்கினோம். நீ வந்து அவனை எனக்கு வெளிப்பக்கமாக ஏறி வரச் சொன்னாய். கூப்பிடு, குரல் குடு, சொல்லிக்கிட்டே ஓடு என்றாய். யார் யாரிடம் சொல்ல?

செமி ஃபைனலில் நடந்தது இதுதான். நல்ல சாரல். நான் நீ சொன்னபடி உள்ளே வந்து பந்தை வாங்கினேன், புளியறைக்காரர்கள் மூன்று பேர் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். வெளியே மேற்படியான் தனியாக ஓடி வருகிறான், முன்னால் ஒரு ஈ காக்கை இல்லை. என்னைக் கூப்பிட வேண்டியதுதானே? கூப்பிடாமல் எண்பது கெஜம் பின்னால் நிற்கிற கோல்கீப்பரைப் பார்த்து "ஏலே இசக்கீ, அந்த ஆளுகிட்டப் பந்த விடச் சொல்லு!" என்று கத்துகிறான். சாரல் இரைச்சலில் இசக்கி "என்னது?" என்கிறான். அதற்குள் பந்து அவர்களிடம் போய், நம் பக்கம் கோலும் விழுந்தாயிற்று. இன்னொரு தடவை நாங்கள் ரெண்டு பேருமே ஒரே பந்துக்கு ஓடி, "எனக்கு" என்று சொல்ல ரெண்டு பேருக்கும் வாய் வராமல், முட்டிக்கொண்டு சேற்றில் விழுந்தோம். நடுவர் "அடி பட்டிச்சா?" என்று கேட்டதற்கு, அவன் நலமா என்று நான் அவரிடமும், நான் நலமா என்று அவன் அவரிடமும் விசாரித்தோம். அந்த மனுஷன் விசிலை வாயில் வைத்துக்கொண்டே சிரித்துவிட்டார். இடைவேளையில் நீ "ரெண்டு பேரு வாயிலயும் என்ன கொழுக்கட்டையா?" என்றாய். பெனால்டியில் ஏதோ தப்பிப் பிழைத்து ஃபைனலுக்கு வந்துவிட்டோம், அது வேறு கதை.

வீட்டுக்கு வந்தால் உன் அத்தை முகம் கொடுக்கவில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்துகொண்டாள். என்னட்டி என்றேன். "ஊரே சிரிக்கி. அவன் நம்ம தெரு வழியா வராம மேலத்தெரு சுத்திப் போறான். வண்டிச் சத்தத்த வச்சுத்தான் எந்தம்பி போறான்னு தெரிஞ்சுக்கிடுதேன். எனக்குன்னு ஒருத்தன் அவன் மட்டுந்தான இருக்கான்" என்றாள். பாதிச் சோற்றிலேயே கையைக் கழுவிவிட்டேன். ஆனாலும் அவன் பேசாமல் நான் போய் எப்படிப் பேச? எனக்கும் மூஞ்சி என்று ஒன்று இருக்கிறதே.

ஆகவே பயிற்சியாளர் அவர்கள் கருணை கூர்ந்து, ஞாயிற்றுக்கிழமை சுரண்டை அணியோடு நடக்கும் ஃபைனலில் என்னைப் பழையபடி கோட்டோரமாகவே விடும்படியும், லெஃப்ட் பேக்கை அவன் இடத்திலேயே நிறுத்தும்படியும் கேட்டுக்கொள்கிறேன். முடியாது என்றால் என்னை வெளியே உட்கார வைத்துவிட்டு யாரையாவது இறக்கு, ஊருக்கு முன்னால் இன்னொரு தடவை சேற்றில் விழ என்னால் ஆகாது. அக்காளுக்கு என் நமஸ்காரம். அவளைச் சாரலில் மொட்டைமாடிக்குப் போக வேண்டாம் என்று சொல். உனக்குச் சீக்கிரம் ஒரு நல்ல இடத்தில் பெண் அமைந்து, அவளாவது உன்னை ஒரு இடத்தில் நிற்க விடாமல் ஓட வைக்க வேண்டும் என்று வாழ்த்தும்,

உன் மாமா,
வல்லிநாயகம்.

பி.கு: இது சனிக்கிழமை ராத்திரி எழுதுவது. கடிதத்தை இன்று சாயங்காலம் பிராக்டிஸில் வைத்துக் கொடுக்கலாம் என்று பையில்தான் வைத்திருந்தேன். நான் உள்ளே திரும்பும்போது வெளிப்பக்கமிருந்து "அத்தான், இங்கன இருக்கேன்!" என்று ஒரு சத்தம் கேட்டது உனக்கும் கேட்டிருக்கும். வாய் தவறி வந்ததா, வேண்டுமென்றே கூப்பிட்டானா, எனக்குத் தெரியாது. நான் பந்தை விடவில்லை. "அத்தான், விடுங்க!" என்றான் மறுபடியும். அப்போதும் விடவில்லை. நீ விசிலை ஊதி, "மாமா, காது கேக்கலையா?" என்று எல்லார் முன்னாலும் திட்டினாய். கேட்டதுடே. நன்றாகவே கேட்டது. மூன்று வருடமாயிற்றே, இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்றுதான் பந்தைக் காலிலேயே வைத்திருந்தேன். வீட்டில் வந்து சொன்னேன், உன் அத்தை "நெசமாவா? அத்தான்னா சொன்னான்?" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்ல வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடு. என்னை எங்கே வேண்டுமானாலும் நிறுத்து, அவனை மட்டும் எனக்கு வெளிப்பக்கமாகவே ஓட விடு. நாளைக்கும் நான் பந்தைக் கொஞ்சம் தாமதமாகத்தான் விடுவேன், பொறுத்துக்கொள்.