பல்வலிக்காரருக்கு ஒரு சிலை

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதுவது. இங்கு இருவரும் உயிரோடு இருக்கிறோம்; நலம் என்று எழுதக் கை வரவில்லை. உங்கள் நலத்தை நான் விசாரிக்கத் தேவையில்லை. துறைமுக வாசலில் சாக்குப் போர்த்தி நிற்கும் சிலையின் கன்னச் சதையைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

ஆமாம், சாக்கை விலக்கிப் பார்த்தேன். சிலையாக நிற்கும் உங்கள் கொள்ளுத்தாத்தாவின் அப்பாவை யாரும் வரைந்ததில்லையே, முகம் எப்படிக் கிடைத்தது என்று சிற்பியைக் கேட்டேன். "அண்ணன்தான் சார் அவரோட போட்டோவயே குடுத்தாரு. மீசைய மட்டும் ரெண்டு மடங்கா வெக்கச் சொன்னாரு" என்றார். ஆக, கப்பலை உடைத்த மாவீரர் நீங்கள்தான்! கீழே கல்லில் வெட்டியிருப்பதையும் படித்தேன்: 'அந்நியர் கப்பலை மணல்திட்டில் மோதிச் சிதைத்த கடற்சிங்கம்.' மச்சான், முழங்கால் தண்ணீரில் இறங்கக் கைத்தாங்கல் கேட்கிறவர் நீங்கள்.

இந்தக் கடற்கரையை வெள்ளைக்காரக் கம்பெனி ஆண்ட கதையைப் பத்தொன்பது வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம். இன்றுவரை அதை அச்சில் போட ஆளில்லை. படித்துக் கருத்துச் சொல்லுங்கள் என்று நான்கு வருடத்துக்கு முன் உங்களிடம் ஒரு பிரதி தந்தேன். போன மாதம்தான் அதை மறுபடி பார்த்தேன், உங்கள் வீட்டு வாஷிங் மெஷினின் குட்டைக் காலுக்கு அடியில். ஏழாம் அத்தியாயம் வரை ஊறியிருந்தது. அந்த ஏழாம் அத்தியாயத்தைப் புரட்டியிருந்தால் உங்களுக்கு இந்தச் சிலை ஆசையே வந்திருக்காது.

நீங்கள் ஆவணக் காப்பகத்துக்குப் போனது ஒரே நாள், ஒரு மணி நேரம். ஒரு தாளின் முன்பக்கத்தை நகலெடுத்து வந்து கூடத்தில் சட்டம் போட்டு மாட்டிவிட்டீர்கள். 'துறைமுகத்துக்குள் வழிகாட்டி வர வேண்டிய ஆள், பட்டப்பகலில் எங்கள் கப்பலை மணல்திட்டில் ஏற்றிவிட்டான்' என்று கப்பல் தலைவன் கொடுத்த புகார் அது. ஆனால் அந்தக் காலத்து அலுவலகத்தில் புகார் முன்பக்கம் என்றால், விசாரணையும் உத்தரவும் அதே தாளின் பின்பக்கம். காப்பகத்தில் கட்டு எடுத்துத் தருகிறவர் முதல் நாளே என்னிடம் சொன்னார்: "எதையும் திருப்பிப் பாக்காம எந்திரிச்சுப் போயிடாதீங்க சார்." என் மாணவர்களுக்கு வருடா வருடம் இதைத்தான் சொல்கிறேன். தாளைத் திருப்பத் தெரியாதவனுக்கு வரலாறு எதற்கு?

பின்பக்கத்தில் உங்கள் கடற்சிங்கம் கொடுத்த வாக்குமூலம் இருக்கிறது: 'ஐயா, அன்று எனக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. தாடையோடு தலையைச் சுற்றிக் கட்டிய துணி சரிந்து வலக்கண்ணை மறைத்துவிட்டது. மணல்திட்டு வலப்பக்கம் இருந்தது. மன்னித்து வேலை தந்தால் ஆயுள் முழுக்கக் கம்பெனிக்கே உழைப்பேன்.' அதன்கீழ் அதிகாரியின் உத்தரவு: 'பல்லைப் பிடுங்கிவிட்டு வேலையில் சேர்க்கவும்.'

சொன்ன சொல் காப்பாற்றினார், அதை மறுக்கவில்லை. இருபத்திரண்டு வருடம் உழைத்தார். கரையில் தானாக விளைந்த உப்பை ஊர்க்காரர்கள் அள்ளக்கூடாது என்று கம்பெனி தடை போட்டதே, அப்போது மீறி அள்ளிய நாற்பத்தொரு பேரைப் பிடித்துத் தீவுச் சிறைக்கு ஏற்றிப் போன படகுக்கு வழிகாட்டியவரும் இவர்தான். அவர்களில் திரும்பி வந்தது ஒன்பது பேர். பெயர்கள் வரிசையாக அதே ஆவணக் கட்டில் இருக்கின்றன. நாற்பத்தொன்றாவது வரியில் மட்டும் 'பெயர் சொல்ல மறுத்த பெண்' என்று கம்பெனிக் கணக்கன் எழுதியிருக்கிறான். மூன்று முறை கேட்டார்களாம், மூன்று முறையும் வாயைத் திறக்கவில்லையாம். சிலை வைக்கிற ஊராக இருந்தால் அவளுக்கு வைக்கணும் மச்சான், அவளுக்கு! பல்வலிக்கு இல்லை!

இதையெல்லாம் வயிற்றெரிச்சல் என்பீர்கள். சரி, நேற்று அச்சகத்துக்குப் போனேன். மேசைமேல் உங்கள் விழா அழைப்பிதழ் அடுக்கடுக்காகக் கிடந்தது. தலைமை, ஐஸ் ஃபேக்டரி முதலாளி. சிலை திறப்பவர், பல் டாக்டர்! பல் டாக்டர், மச்சான்! சிரிப்பதா அழுவதா? வரவேற்புரைக்கு உங்கள் டிரைவர்கூட இருக்கிறார். என் பெயர் இல்லை. அச்சகக்காரர் ஏதோ சொல்ல வந்தார். "ஒண்ணும் பேசாதீங்க, எல்லாம் பாத்தாச்சு" என்று ஒன்றை உருவிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் சொன்னால் உங்கள் தங்கை, "பல்வலின்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சா எங்கண்ணன் மூஞ்சிய எங்க கொண்டு போய் வெச்சுக்கும்?" என்கிறாள். "அதான் சிலைல வெச்சிருக்காரே" என்றேன். நேற்றிலிருந்து எனக்குச் சாப்பாடு மேசையில் மூடி வைக்கப்படுகிறது, பேச்சு கிடையாது.

ஆகவே முடிவாகச் சொல்கிறேன். விழா நடக்கும் ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்தச் சிலை இறங்க வேண்டும். இல்லையென்றால் மேடையேறி, மைக்கைப் பிடுங்கி, பின்பக்கத்தை முழுதாக வாசிப்பேன். நாற்பத்தொரு பேரையும் வாசிப்பேன். தடுக்கிறவன் தடுக்கட்டும். உண்மைக்கு முன்னால் மாமனும் இல்லை, மச்சானும் இல்லை.

உங்கள் வீட்டு அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசி; அப்பாவின் முகம் கல்லில் இருக்கிறது, மூளையாவது வேறு பக்கம் போகட்டும்.

இப்படிக்கு,
பத்தொன்பது வருடம் வீணாய்ப் போன உங்கள் தங்கை கணவன்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது உங்கள் தங்கை அந்த அழைப்பிதழை எடுத்து, திருப்பி என் முன்னால் வைத்தாள். பின்பக்கம் முழுக்க நான் ஒருவன்தான் இருக்கிறேன். 'வரலாற்றுப் பேரறிஞர்' என்று போட்டு, என் பெயரை உங்கள் பெயரைவிடப் பெரிய எழுத்தில் அடித்திருக்கிறீர்கள். இருபது நிமிடச் சிறப்புரை, பொன்னாடை, என் புத்தகத்தை அச்சிடும் அறிவிப்பு. மேலே எழுதியதைக் கிழிக்கத்தான் நினைத்தேன். ஆனால் நான் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டாமா? படித்துவிட்டு நீங்களே கிழித்துவிடுங்கள். யோசித்துப் பார்த்தால் வலக்கண்ணை மட்டும் மறைப்பதுபோல் ஒருவர் துணி கட்டியதே திட்டமிட்ட செயலாக இருக்கலாம்; அந்தக் கோணத்தில் யாரும் ஆராய்ந்ததில்லை. மேடைக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும்? நேரம் மிஞ்சினால் அந்தப் பெண்ணைப் பற்றியும் ஒரு வரி சொல்லப் பார்க்கிறேன். மூன்று முறை கேட்டார்களே, அவளும் பெயரைச் சொல்லித் தொலைத்திருக்கலாம்.