பேய்க்கு வசனம் எழுதியவர்

"பேய் வாயைத் திறக்குது. சரி. என்ன சொல்லுது?" என்று கேட்டார் மேலாளர்.

ஒட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். படக் காப்பகத்தில் அறுந்த ஃபிலிம்களை ஒட்டுவது அவர் வேலை. அதனால் அந்தப் பெயர். "தெரியலை சார். மௌனப் படமாச்சே. நடுநடுவே எழுத்துல வர்ற வசன அட்டையை எல்லாம் யாரோ வெட்டி எடுத்துட்டாங்க. ஒண்ணுகூட மிச்சமில்லை."

'மூன்றாம் மாடிப் பேய்' ஒரு காலத்தில் மேடையைக் கலக்கிய நாடகம். பிறகு அதைப் படமாகவும் எடுத்தார்கள். முதல் காட்சியிலேயே கூட்டம் அலறியடித்துக்கொண்டு ஓட, அன்றே பெட்டிக்குள் போன படம் அப்படியே தொலைந்தும் போனது. இத்தனை வருஷம் கழித்து ஒரு பழைய வீட்டுப் பரணில் அகப்பட்டிருந்தது. மேலாளருக்குத் தலைகால் புரியவில்லை. 'ஊரையே நடுங்க வைத்த படம்' என்று எல்லாப் பத்திரிகைக்கும் சொல்லிவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் காட்சி. பார்க்கிறவங்க நடுங்கணும். நடுங்கலைன்னா, திங்கக்கிழமையிலேருந்து நீங்க வாசல்ல நின்னு டிக்கெட் கிழிப்பீங்க."

ஒட்டுக்காரர் நாடகப் புத்தகத்தைத் தேடிப் பிடித்தார். அதிலிருந்த வசனத்தைப் படத்தோடு வைத்துப் பார்த்தார். ஒட்டுக்காரருக்கே ஒட்டவில்லை. நாடகத்தில் பேய் வீட்டுக்காரரின் கழுத்தை நெரிக்கிறது. படத்திலோ அந்த இடத்தில் அவர் சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தது.

வீட்டில் போய்ப் புலம்பினார். "'உன் ரத்தத்தைக் குடிப்பேன்'னு போடலாம்னு பார்த்தா, சனியன் கையில ஊசியும் நூலும் வச்சிருக்கு!"

"என் தங்கச்சியைக் கூட்டிட்டுப் போங்களேன்" என்றாள் மனைவி.

மச்சினிக்குச் சின்ன வயதிலேயே காது போய்விட்டது. ஆனால் உதட்டைப் பார்த்தே பேச்சைப் படித்துவிடுவாள். எதிர்வீட்டு மாடியில் யார் யாரைத் திட்டினார்கள் என்பதை, காது கேட்கிறவர்கள் அவளிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள்.

படத்தை ஓட்டிக் காட்டினார். தலைவிரி கோலமாகப் பேய் படியிறங்கி வந்தது. மச்சினி குபீரென்று சிரித்தாள்.

"என்ன சொல்லுது?"

"'மூணு மாடி ஏறி இறங்கி முட்டி வலிக்குது'ங்குது, அத்தான்."

"அந்த வீட்டுக்காரரு? கைகூப்பிக் கெஞ்சுறாரே?"

"'கொஞ்சம் தள்ளி நில்லு தாயே, உன் முடி என் வாய்க்குள்ள போகுது.'"

ஒட்டுக்காரருக்கு விஷயம் புரிந்துவிட்டது. சத்தம் பதிவாகாத காலம். யார் கேட்கப்போகிறார்கள் என்று நடிகர்கள் வாய்க்கு வந்ததைப் பேசியிருக்கிறார்கள்! ஆனாலும் மச்சினி மெனக்கெட்டுச் சொல்கிறாளே என்று, அவள் சொன்னதையெல்லாம் எண் போட்டு நோட்டின் இடது பக்கத்தில் எழுதிக்கொண்டார். பிறகு மூன்று நாள் லீவு போட்டு, வலது பக்கத்தில் தானே வசனம் எழுதினார். 'ரத்தம்' மட்டும் பதினேழு இடத்தில் வந்தது. எழுதி முடித்தபோது தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குத் தனியாகப் போக அவருக்கே பயமாக இருந்தது.

"உங்க கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கு. நான் நல்லா எழுதிக் குடுத்துடுறேன்" என்றாள் மனைவி. எழுதி, அட்டை தயாரிப்பவரிடம் அவளே கொண்டுபோயும் கொடுத்துவிட்டாள்.

அட்டைகள் ஃபிலிம் துண்டுகளாக ஞாயிறு காலையில்தான் வந்தன. எழுத்து எள்ளளவு, படித்துக்கொண்டிருக்க நேரமில்லை. எண்ணை மட்டும் பார்த்துப் பார்த்து அந்தந்த இடத்தில் ஒட்டினார்.

அரங்கம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் சிறப்பு விருந்தாளியாக, படம் எடுத்தவரின் மகள். எண்பத்தைந்து வயது அம்மாள். விளக்கு அணைந்தது. பேய் படியிறங்கியது. அட்டை வந்தது:

'மூணு மாடி ஏறி இறங்கி முட்டி வலிக்குது.'

ஒட்டுக்காரர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். பக்கத்திலிருந்த மனைவியின் கையைப் பிடித்தார். "நான் எழுதினது எங்கேடி?"

"வலது பக்கமா? ஒரே ரத்தம்! அவங்க வாயால சொன்னதை விட்டுட்டு, நீங்களா இட்டுக்கட்டினதைப் போட்டா அது பொய்யில்லையா?"

பின்வரிசையில் ஒருவர் 'க்ளுக்' என்றார். 'உன் முடி என் வாய்க்குள்ள போகுது' வந்தபோது அரங்கமே அதிர்ந்தது. பேய் பித்தான் தைக்க, வீட்டுக்காரர் வெடவெடவென்று நடுங்க, 'அசையாதே, குத்திடும்!' என்று அட்டை வந்தது. ஒரு பத்திரிகைக்காரர் நாற்காலியோடு சாய்ந்தார். யாரும் அவரைத் தூக்கவில்லை. தூக்க வந்தவர்களும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

இருட்டில் மேலாளரின் குரல் காதருகே கேட்டது. "திங்கக்கிழமை. வாசல். டிக்கெட்."

படம் முடிந்து விளக்கு எரிந்தது. "இன்னொரு தடவை போடுங்க!" என்று கூட்டம் கத்தியது. ஒட்டுக்காரர் காதில் அதெல்லாம் விழவில்லை. முன்வரிசையில் அந்த அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்ததுதான் தெரிந்தது. பெரிய மனுஷி அழுகிறாள்! ஓடிப்போய் எதிரே நின்றார். மேலாளரும் பின்னாலேயே வந்தார்.

"அம்மா, மன்னிச்சிடுங்க. தப்பு என்னோடதுதான். உங்கப்பா எடுத்த பேய்ப் படத்தை இப்படிக் கேலிக்கூத்தா ஆக்கிட்டேன்."

அம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கி, மறுபடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"யாரு தம்பி சொன்னா பேய்ப் படம்னு? அப்பா எடுத்தது சிரிப்புப் படம். அன்னைக்கு வந்த பாவிங்கதான் ஒருத்தர்கூடச் சிரிக்காம பயந்து ஓடிட்டாங்க!"