துரைசானிக்கு ஊர் காட்டிய சரித்திரம்

இனி என் வாழ்நாளில் ஏணியில் கால் வைப்பதில்லை என்று அந்த ஞாயிற்றுக்கிழமை நான் தீர்மானம் எடுத்தேன். சாதாரணத் தீர்மானம் அல்ல. பூசை முடிந்து, மாதா கோவில் வாசலில் நின்று, கையில் தொப்பியோடு எடுத்த தீர்மானம்.

காரணம் என் மனைவி அன்ரோனெற். சுவாமியார் இன்னும் உடுப்பு மாற்றி முடியவில்லை. அதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

"இஞ்சருங்கோ, ஒக்டோபர் பிறந்திட்டுது, செபமாலை மாதம். மழை வரப்போகுது. இந்தக் கிழமைக்குள்ள வீடு மேயவேணும்."

பழைய தென்னோலைக் கிடுகைத் தள்ளிவிட்டுப் புதுக் கிடுகு போட்டுக் கூரை கட்டுவதை எங்கள் மன்னாரில் வீடு மேய்வது என்போம்.

"மேயிறதுக்கு நான் என்ன மாடோ?" என்றேன்.

"மாடெண்டால் நான் ஏன் இவ்வளவு கெஞ்சுறன்? அது சொன்ன உடன மேயும்."

நான் எமிலியானுஸ். பேசாலைக் கருவாட்டைக் கொழும்புக்காரருக்கு விற்றுக் கொடுக்கும் தரகன். தலைமன்னார் இறங்குதுறையில் இரண்டு வருஷம் நின்று கப்பலில் வந்த வெள்ளைக்காரரிடம் நேரடியாக இங்கிலீஷ் படித்தவன். இந்தத் தீவில் இங்கிலீஷ் தெரிந்த கருவாட்டுத் தரகர் எத்தனை பேர்? ஒருவர். அவரைப் போய்க் கூரையில் ஏறச் சொல்கிறாள் ஒருத்தி. படித்தவனின் அருமை படிக்காதவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது!

அன்று பின்னேரமே எனக்கு விமோசனம் வந்தது. பக்கத்து வீட்டு மீராசாஹிபு காக்காவின் உருவத்தில் வந்தது. முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் ஊரில் காக்கா என்போம். காக்கா, துரைமார் வந்து தங்கும் றெஸ்ற்கவுசில் சமைக்கும் குசினிக்காரர். வேலிக்கு மேலால் தலையை நீட்டினார். கிடுகு வேலி என்பதால் தலை எளிதாகவே வந்தது.

"தம்பி, கப்பலால ஒரு துரையும் துரைசானியும் வந்து இறங்கியிருக்கினம். நாலு நாள் நிற்பினமாம். நடந்து திரிஞ்சு பழைய கட்டிடங்களைப் பாக்கவேணுமாம். விளங்கப்படுத்த ஆள் தேடினம்."

"ஆள் கிடைச்சிட்டுது எண்டு சொல்லுங்கோ காக்கா."

"ஆர்?"

"உங்களுக்கு முன்னால நிற்கிறன்."

காக்கா என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்றும் பார்த்தார். பொறாமை, வேறென்ன!

வீட்டுக்குள் போய் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

"இஞ்சேர் அன்ரோனெற், இந்தக் கிழமை நான் வீடு மேய ஏலாது. பெரிய இடத்து விஷயம். வெள்ளைக்காரருக்கு ஊர் காட்டப் போறன்."

சண்டைக்கு வருவாள் என்று பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவள் ஊசியை விட்டுத் தலையை நிமிர்த்தினாள். நூலில் பூப்பூவாக றேந்தை பின்னிக்கொண்டிருந்தாள்.

"ஓம். நல்லது. எப்ப?"

"புதன்கிழமை விடிய."

"என்னென்ன காட்டப் போறீங்கள்?"

"கோட்டை. பிறகு கடைத்தெரு. பிறகு பெருக்கமரம்."

"எத்தினை மணிக்கு முடியும்?"

"பத்து மணிக்கு."

"வெயில் ஏற முதல். நல்லது," என்று திரும்பவும் ஊசியை எடுத்தாள்.

பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக என் மனைவி எனக்கு அடங்கிப்போனாள் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் பாவமாகவும் இருந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவள் றேந்தைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டாள்.

"எங்க?"

"றெஸ்ற்கவுசுக்கு. துரைசானிமாருக்கு றேந்தை பிடிக்குமாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவ இங்கிலீஷ் பேசுவா. நீ என்ன, செபமாலை சொல்லிக் காட்டப் போறியோ?"

"கையைக் காலைக் காட்டிச் சமாளிப்பன்," என்று போய்விட்டாள்.

திரும்பி வர இரண்டரை மணித்தியாலம் ஆனது. ஒரு றேந்தைத் துண்டு விற்க இவ்வளவு நேரமா? பாவம், எத்தனை தரம் கையைக் காலைக் காட்டினாளோ!

புதன்கிழமை விடிய ஆறரைக்கு நான் றெஸ்ற்கவுஸ் வாசலில் நின்றேன். கல்யாணக் கோட்டு. இரவல் தொப்பி. கையில் ஒரு பிரம்பு, சுட்டிக்காட்டுவதற்கு.

முதலில் துரைசானி வந்தாள். எங்கள் ஊர்ப் படகுக்குப் பாய் கட்டியது போல ஒரு வெள்ளைச் சட்டை. கையில் கொப்பியும் பென்சிலும். பின்னால் துரை வந்தார். அவருடைய ஒரு கையில் அவளுடைய குடை. மறு கையில் மடக்குக் கதிரை. ஒரு தோளில் தண்ணீர்ப் போத்தல். மறு தோளில் படம் பிடிக்கும் பெட்டி. கழுத்தில் அவளுடைய பை.

எனக்கு அருவருப்பாகப் போய்விட்டது. இவனும் ஒரு ஆண்பிள்ளையா? பாதி உலகத்தை ஆளுகிற சாதி, ஒரு குடையை மாட்டேன் என்று சொல்லத் தெரியவில்லை!

துரைசானி என்னிடம் நீளமாக ஏதோ கேட்டாள். இறங்குதுறையில் நான் கற்ற முதல் பாடம், விளங்காத கேள்விக்கு ஒரே பதில்தான்.

"யெஸ் மேடம்," என்றேன்.

அவள் மகிழ்ந்துபோய்க் கொப்பியில் எழுதினாள். இன்னொன்று கேட்டாள். "யெஸ் மேடம்." அதையும் எழுதினாள். இங்கிலீஷ் என்பது இவ்வளவுதான். இதற்குப் போய்ச் சிலர் வருஷக்கணக்காகப் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

கோட்டை வாசலில் பிரம்பைத் தூக்கினேன்.

"மேடம், திஸ் ஃபோர்ட். ஃபர்ஸ்ட் போர்த்துக்கீஸ் கம். தென் டச்சு கம், போர்த்துக்கீஸ் கோ. தென் இங்கிலீஷ் கம், டச்சு கோ. தென்…"

தென் என்று சொன்ன பிறகுதான் அடுத்து என்ன வரும் என்று எனக்கே விளங்கியது. வாயை மூடிக்கொண்டேன். துரை இருமினார்.

உள்ளே ஒல்லாந்தர் காலத்துக் கல்லறைக் கல் ஒன்று கிடந்தது. அதில் இருந்த எழுத்து எனக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. அதனால் தைரியமாக வாசித்தேன். "ஹியர் ஸ்லீப் டச்சு மேன். வைஃப் டாக், டாக், டாக். மேன் டை."

துரை பெரிதாகச் சிரித்தார். துரைசானி திரும்பிப் பார்த்தாள். சிரிப்பு அந்த இடத்திலேயே செத்துப்போனது. அதற்கும் ஒரு கல் நாட்டியிருக்கலாம்.

கடைத்தெருவில் கழுதைகள் படுத்திருந்தன. யாருடையவை என்று கேட்டாள். யாருக்கும் சொந்தமில்லை என்று சொன்னால் ஊருக்கு மரியாதை இல்லை. "கவர்மெண்ட் டொங்கி, மேடம்," என்றேன். அதையும் எழுதிக்கொண்டாள். பல நூறு வருஷமாகப் பருத்து நிற்கும் பெருக்கமரத்தடியில், அந்த மரத்தை நட்டது என்னுடைய பூட்டன் என்றேன். மரத்தின் சுற்றளவைத் துரையைக் கொண்டு அளப்பித்தாள். அவர் மரத்தைக் கட்டிப் பிடித்துப் பிடித்துச் சுற்றி வந்தார். மரமாவது அவரை ஏவவில்லை என்ற ஆறுதல் அந்த முகத்தில் தெரிந்தது.

பத்து மணி. தொப்பியைக் கழற்றி, "ஃபினிஷ் மேடம்," என்றேன்.

துரைசானி கொப்பியைப் புரட்டினாள். தலையை ஆட்டினாள். பென்சிலால் ஒரு வரியைத் தட்டிக் காட்டினாள். "நோ, நோ. எமிலியானுஸ் ஹவுஸ்!"

என் பேரும் வீடும் எப்படி அவளுடைய கொப்பிக்குள் போயின என்று யோசிப்பதற்குள் அவள் நடக்கத் தொடங்கிவிட்டாள். ஆச்சரியம் என்னவென்றால் வழி காட்டியவன் நான் அல்ல. அவளுக்கு வழி தெரிந்திருந்தது.

என் வீட்டு வளவுக்குள் நுழைந்தேன். திரும்பி ஓடலாமா என்று பார்த்தேன். பின்னால் துரை சாமான்களோடு படலையை அடைத்துக்கொண்டு நின்றார்.

முற்றத்தில் கோவில் கதிரைகள் இரண்டு போட்டிருந்தன. புதுக் கிடுகு ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தது. நனைத்த கயிறு. சாத்திவைத்த ஏணி. வேலியோரம் முழுக்க ஊர்ப் பெண்கள், திருநாளுக்கு வந்ததுபோல. மீராசாஹிபு காக்கா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, பழைய கிடுகையெல்லாம் ஏற்கனவே இறக்கிவிட்டிருந்தார். என் வீட்டுக்குள் நின்று பார்த்தால் வானம் தெரிந்தது.

அன்ரோனெற் முன்னால் வந்தாள். ஞாயிற்றுக்கிழமைச் சேலை.

"குட் மோர்னிங், மேடம். பிளீஸ் சிற் டவுன்," என்றாள்.

அதோடு நிற்கவில்லை. கிடுகைத் தூக்கிக் காட்டினாள், கயிற்றைக் காட்டினாள், கூரையைக் காட்டினாள், என்னைக் காட்டினாள். எல்லாம் இங்கிலீஷில். என்னுடையது போலத் துண்டு துண்டாக அல்ல. குழாயில் தண்ணீர் வருவதுபோல.

கையிலிருந்த பிரம்பைக் கீழே வைத்தேன். "உனக்கு இங்கிலீஷ் தெரியுமோ?"

"மடத்துப் பள்ளிக்கூடத்தில சிஸ்டர்மாரோட எட்டு வருசம். சும்மாவே விட்டவை?"

"இவ்வளவு காலமும் எனக்குச் சொல்லேல்லை!"

"நீங்கள் எப்ப கேட்டனீங்கள்? நான் தமிழில சொல்லுறதையே கேக்கிறேல்லை."

துரைசானி கதிரையில் உட்கார்ந்து கைதட்டிக் கூரையைக் காட்டி என்னை ஏறச் சொன்னாள். நான் வீடு மேய்வதுதான் இன்றைய கடைசிக் காட்சி என்ற விஷயம் எனக்கு அப்போதுதான் முழுவதும் விளங்கியது. இரண்டு கையையும் விரித்தேன்.

"நோ மேடம்! நோ!"

துரைசானியின் முகம் மலர்ந்தது. கொப்பியில் ஒரு கோடு கீறினாள்.

"என்ன கீறுறா?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"என்ரை புருசன் சரியான கூச்சக்காரன், பெரிய மனிசருக்கு முன்னால ஏற முதல் மூண்டு தரம் மறுப்பார், அதுதான் எங்கட ஊர் முறை எண்டு நேற்றுச் சொல்லி வைச்சனான். ஒருக்கா மறுத்திட்டியள். இன்னும் ரெண்டு தரம் இருக்கு."

"எடியே, எனக்கு இடுப்பு நோ!"

"நோவாம்," என்றாள் அன்ரோனெற் துரைசானியைப் பார்த்து. இரண்டாவது கோடு விழுந்தது.

நான் பேசாமல் நின்றேன். பேசாமலே நின்றால் சடங்கு முடியாதல்லவா? மூன்றாவதைச் சொல்லாமல் மாலை வரை நிற்பது என்று முடிவு கட்டினேன். வேலியோரத்துப் பெண்கள் சிரித்தார்கள். துரை மடக்குக் கதிரையை இறக்கிவைத்துவிட்டு, எல்லாம் தெரிந்த ஒரு ஆளாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்ரோனெற் மட்டும் அவசரப்படவில்லை.

"இஞ்சருங்கோ," என்றாள் மெதுவாக, "வெயிலுக்குள்ள நிற்கிறீங்கள். தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?"

"ஒண்டும் வேண்டாம், நோ!" என்று கத்திவிட்டேன்.

மூன்றாவது கோடு. கைதட்டல் வேலி முழுக்கப் பரவியது. காக்கா என் கல்யாணக் கோட்டை மரியாதையாகக் கழற்றினார். மிச்சமெல்லாம் ஏணிதான்.

கூரை முகட்டில் குந்தியிருந்தேன். கீழிருந்து கிடுகு எடுத்துக் கொடுக்க ஒரு ஆள் குறைந்தது. துரைசானி பென்சிலைத் துரையின் பக்கம் நீட்டினாள். துரை தன் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, ஏணியின் நடுப்படியில் வந்து நின்றார். அவர் கொடுக்க, நான் வாங்க, காக்கா கட்ட, வேலை ஓடியது. மத்தியான வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு தடவை இரண்டு பேருடைய கையும் ஒரே கிடுகில் நின்றது. அவர் கீழே கதிரையில் இருந்தவளைக் கண்ணால் காட்டினார்.

"வைஃப்," என்றார்.

"யெஸ் சேர்," என்றேன். அன்று நான் பேசிய இங்கிலீஷிலேயே முழுவதும் பொருள் தெரிந்து பேசியது அந்த ஒன்றுதான்.

மூன்று மணிக்குக் கூரை முடிந்தது. படம் பிடித்தார்கள். நான் கூரை மேல், துரை ஏணியில், பெண்டுகள் இரண்டு பேரும் கீழே தேத்தண்ணிக் கோப்பையோடு. புறப்படும்போது துரைசானி அன்ரோனெற்றின் இரண்டு கையையும் பிடித்து நெடுநேரம் ஏதோ சொன்னாள். பிறகு என்னைப் பார்த்தும் தலையசைத்தாள். துரை சாமான்களைத் திரும்பவும் ஒவ்வொன்றாக உடம்பில் மாட்டிக்கொண்டு அவளுக்குப் பின்னால் போனார்.

உள்ளங்கை கொப்பளித்துப்போய், உடம்பெல்லாம் தூசோடு முற்றத்தில் இருந்தேன்.

"என்னவாம்?" என்று கேட்டேன்.

"கொழும்பில இருக்கிற தன்ரை சிநேகிதியளுக்கு எழுதப் போறாவாம். இப்பிடி ஒரு ஊர் பாத்ததே இல்லையாம். வாற மாதம் எட்டுப் பேர் வருகினமாம்."

உடம்பு நோ பறந்தது. எழுந்து நின்றுவிட்டேன். "பாத்தியோ! ஒல்லாந்தன்ரை கல்லறையில நான் வாசிச்ச வாசிப்பு! அதுதான் பிடிச்சுப்போச்சு. எட்டுப் பேரையும் கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போய்…"

"கோட்டைக்கு நான் கூட்டிக்கொண்டு போறன் எண்டு சொல்லிப்போட்டன்," என்றாள் அன்ரோனெற், கோப்பைகளைப் பொறுக்கியபடி. "நீங்கள் வீட்டில நில்லுங்கோ. கடைசியா அவைக்குக் கிணறு இறைச்சுக் காட்டவேணும்."