முகப்பில் மாமனார்

இந்த வீட்டுக்குத் தலைவர் யார் என்று இன்றைக்குத் தெரிந்தாக வேண்டும். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் அப்படித்தான் சபதம் எடுத்தார். சாயங்காலம் மச்சான் வருகிறான். "அத்தானுக்கு பல்பு மாட்டக்கூட வராது" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தவன்.

மனைவியின் பழைய கம்ப்யூட்டரைக் கூடத்து மூலையில் சர்வராக்கி, வீட்டுக்குள் மட்டும் தெரியும் குடும்ப வலைத்தளம் ஒன்றைப் போட்டிருந்தார். முதலில் பக்கம் திறக்காமல் முரண்டு பிடித்தது. அலுத்துப்போய், "எல்லாருக்கும் எல்லா அனுமதியும் கொடுத்துத் தொலை" என்று மனைவியிடம் சொன்ன பிறகுதான் திறந்தது.

முகப்பில் இருந்தது காலமான மாமனாரின் படம். அதைத் தூக்கிவிட்டுக் கோட்டு போட்ட தன் படத்தை வைத்தார். வெளியே மேகம் மூடிக்கொண்டு வந்தது. பக்கத்தை மறுபடி திறந்தார்.

மாமனார் இருந்தார்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி தூக்கினார். மறுபடி வந்தார். இந்தத் தடவை முகம் பெரிசாக இருந்தது.

"ஏம்மா... உங்கப்பா தானா வர்றாரு."

"எங்கப்பா என்னைக்கு சொல்லிட்டு வந்தாரு?" என்றாள் அடுக்களையிலிருந்து.

"பெரிசாகிக்கிட்டே வர்றாரும்மா!"

"கிட்ட வர்றாரோ என்னவோ."

இன்னும் இரண்டு தடவை தூக்கினார். திரை முழுக்க இப்போது இரண்டு கண்கள்தான். எல்லாருக்கும் அனுமதி என்றால் செத்தவர்களும் அதில் சேர்த்தியா? அவசரமாக அந்த அனுமதியையே பூட்டப் பார்த்தார். 'அனுமதி இல்லை' என்றது திரை. பெண் கேட்டுப் போன அன்றும் மாமனார் இதையேதான் சொன்னார்.

"நீயே வந்து பூட்டு தாயே! உரிமையாளர் மட்டும் எழுதலாம், மத்தவங்க பார்த்தா போதும்னு போடு."

"நல்லா யோசிச்சுதான் சொல்றீங்களா?"

"போடேன்!"

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து தட்டிவிட்டாள். முகம் வளர்வது நின்றது. மூச்சு விட்டுக்கொண்டு தன் படத்தை ஏற்றினார்.

அனுமதி இல்லை.

"என்னடி இது?"

"கம்ப்யூட்டர் என் பேர்ல, படம் இருக்கற ஃபோல்டர் என் பேர்ல. அப்ப உரிமையாளர் யாரு?" கையிலிருந்த போனை ஆட்டினாள். "ஒரு வார்த்தை கேக்காம எங்கப்பாவைத் தூக்கினீங்க. நீங்க தூக்கத் தூக்க, நான் இதுலேருந்து ஒரு சுத்து பெரிசாக்கி வெச்சேன்."

வாசல் மணி அடித்தது.

"ஐயையோ, உன் தம்பி! இப்ப நான் என்ன செய்யறது?"

"பாருங்க. பார்க்கறதுக்கு உங்களுக்கும் அனுமதி இருக்கு."