லாரியை அனுப்ப வேண்டாம், சகலை

அன்பும் பண்பும் நிறைந்த சகலை அவர்களுக்கு,

இங்கு நான், என் மனைவி, எங்கள் சாப்பாட்டு மேசை ஆகிய மூவரும் நலம். அங்கு தாங்களும் தங்கள் துணைவியாரும், முக்கியமாகத் தங்கள் இடுப்பும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். போனில் சொன்னால் நடுவில் சிரிப்பீர்கள். கடிதத்தில் நீங்கள் எந்த இடத்தில் சிரித்தாலும் எனக்குக் கேட்காது. ஆகவே கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். பத்து நாளுக்கு முன்பு எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தங்கள் நாற்காலியின் பிரம்புப் பின்னல் அறுந்து, தாங்கள் சட்டத்துக்குள்ளே இறங்கி, முழங்கால் இரண்டும் மோவாயைத் தொட, எடுத்த கவளம் எடுத்தபடியே கையில் நிற்க, நானும் என் மனைவியும் ஆளுக்கொரு தோளைப் பிடித்து ஒரு பக்கம் இழுக்க, தங்கள் துணைவியார் நாற்காலியை மறுபக்கம் இழுக்க, ஒருவழியாகத் தங்களை வெளியே எடுத்தோம். அதற்கு மறுபடியும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் வெளியே வந்ததும் தாங்கள் என்ன சொன்னீர்கள்? "ஐயோ வலிக்குது" என்றா சொன்னீர்கள்? "அண்ணே, இந்தக் குப்பையைத் தூக்கிப் போடுங்க. நம்ம கடையிலேருந்து புது செட் ஒண்ணு லாரியில ஏத்தி அனுப்பறேன்" என்றீர்கள். மேசை நாற்காலிக் கடை வைத்திருப்பவர் வேறெப்படிச் சொல்வார், அதை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் என் மனைவி தலையை ஆட்டினாளே, அதுதான் எனக்குச் சுருக்கென்றது. உடனே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். "லாரியும் வேணாம், ஒண்ணும் வேணாம். ரெண்டு வாரம் டயம் குடுங்க. இதே மேசையை என் கையாலயே புதுசாக்கிக் காட்டறேன். முடியலேன்னா ஞாயித்துக்கிழமை உங்க லாரி வரட்டும், நானே கூட நின்னு இறக்கறேன்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். நீங்கள் அப்போதே காலண்டரில் வட்டம் போட்டீர்கள். என் வீட்டுக் காலண்டர், உங்கள் பேனா.

நீங்கள் போனதும் என் மனைவி தன் பங்குக்கு ஒரு நிபந்தனை போட்டாள். "புதுசா எதையும் வாங்கிட்டு வந்து வீட்டை நிரப்பக் கூடாது. பரண்ல இருக்கறத வெச்சே பண்ணுங்க. பரணாவது காலியாகட்டும்." சரி என்றேன். அந்த ஆத்திரத்தில் எதற்கும் சரி என்றிருப்பேன்.

இவ்வளவு ரோஷம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். உங்களிடம் மறைக்கவில்லை. முப்பத்து நாலு வருஷம் டார்ச் லைட் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்தேன். மற்றவர்கள் செய்து கொண்டுவந்ததைப் பார்த்து 'ஏற்பு' அல்லது 'நிராகரிப்பு' என்று முத்திரை குத்துவதுதான் வேலை. ஏற்பு முத்திரைக்கு ஒரே ரப்பர் கடைசிவரை வந்தது. நிராகரிப்பு முத்திரை ஏழு முறை தேய்ந்து ஏழு முறை மாற்றினார்கள். "சார், நானே எரிய விட்டுப் பார்த்துட்டேன், நல்லா எரியுது" என்று எவராவது வந்தால், "செஞ்சவர் சோதிச்சது செல்லாது" என்று சுவரில் நான் எழுதி மாட்டிய சட்டத்தைக் காட்டுவேன். ஓய்வு பெற்ற நாளில் எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, மூடி திருகும் பிரிவுக்காரர் ஒருவர், "சார், நீங்க எதையாவது ஒண்ணு செஞ்சு பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான் சிரித்தேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது சிரிப்பு நின்றுவிட்டது. இல்லை சகலை, நான் ஒன்றையும் செய்ததில்லை. ஒரு ஸ்டூல்கூட இல்லை. அதனால்தான் இந்த மேசையைத் தலைகீழாக நின்றாவது முடிப்பது என்று இறங்கினேன்.

முதல் வேலை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது. மூன்று நாள் தேய்த்தேன். வீடு முழுக்க மரத்தூள், நான் தும்ம, என் மனைவி தும்ம, எதிர்வீட்டு டீச்சர் ஜன்னலைச் சாத்த, ஆனாலும் விட்டேனா பார் என்று தேய்த்தேன். நாலாம் நாள் ஒரு மூலையில் நிறம் மாறியது. உள்ளே நல்ல மரம் தெரிகிறது என்று சந்தோஷப்பட்டு அந்த இடத்தை இன்னும் அழுத்தித் தேய்த்தேன். அது வெளுத்துக்கொண்டே போனது. சந்தேகம் வந்து தெருமுனைத் தச்சரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "சார், இது தேக்கு இல்லீங்க. உள்ள சாதா மரம். மேல தேக்குல மெல்லிசா ஒரு ஏடு ஒட்டியிருக்கான். அதைத்தான் நீங்க கஷ்டப்பட்டுத் தேய்ச்சு எடுத்திருக்கீங்க" என்றார். இருபத்தாறு வருஷமாக, வந்தவர் போனவரிடமெல்லாம் "முழுத் தேக்கு, தட்டிப் பாருங்க" என்று சொன்ன மேசை அது. உங்களிடமும் ரெண்டு தடவை தட்டச் சொல்லியிருக்கிறேன். ஏலக் கடையில் ஒரு மணி நேரம் குனிந்து நிமிர்ந்து சோதித்து, நான் முழு மனதோடு ஏற்றுக்கொண்ட பொருள் அது ஒன்றுதான். தச்சர் போனதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. மரத்தூள் கண்ணில் விழுந்துவிட்டது என்று சொன்னேன். என் மனைவி நம்பவில்லை, ஆனாலும் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். இந்தப் பத்தியைப் படித்ததும் மறந்துவிடவும்.

அழுதால் மேசை சரியாகிவிடுமா? பரணில் வாசல் கதவுக்கு அடித்து மிச்சமான வார்னிஷ் அரை டின் இருந்தது. நல்ல கரும்பழுப்பு. அதை அடித்தால் தேக்கும் ஒன்றுதான், சாதாவும் ஒன்றுதான். பழைய பனியன் துணியில் தொட்டுத் தொட்டு இரண்டு பூச்சு கொடுத்தேன். மேசை பளபளவென்று முகம் பார்க்கலாம் போல் ஆகிவிட்டது. அப்போது பார்த்து மாடி வீட்டம்மா பாயைக் கொண்டுவந்து எங்கள் ஜன்னலுக்கு நேர் மேலே உதற ஆரம்பித்தார். தூசி வந்து பூச்சில் விழுந்தால் முதலுக்கே மோசமாயிற்றே என்று கைக்குக் கிடைத்த செய்தித்தாள்களைப் பிரித்து மேசை மேல் போர்த்தினேன். மறுநாள் எடுத்தேன். மூன்று தாள் வந்தது. நாலாவது வரவில்லை. அது என்ன தாள் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். போன மாதம் நீங்கள் கொடுத்தீர்களே முழுப்பக்க விளம்பரம், "பழைய மேசைக்கு விடை கொடுங்கள்" என்று, நீங்கள் கோட்டுப் போட்டுக் கை கூப்பிச் சிரித்துக்கொண்டு, அது. மேசைக்கு நட்டநடுவில்.

ஈரத்துணி வைத்துப் பார்த்தேன், கத்தி முனையால் நெம்பிப் பார்த்தேன். எழுத்தெல்லாம் போயிற்று. கோட்டுப் போயிற்று, கூப்பிய கையும் போயிற்று. உங்கள் முகம் மட்டும் அசையவில்லை. கடைசியில் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு குனிந்தேன். என் மனைவி அடுப்படியிலிருந்து ஓடிவந்து கையைப் பிடித்துவிட்டாள். "என்னங்க இது, என் தங்கச்சி புருஷன் மூஞ்சியில உப்புத்தாளைப் போடறீங்க? நல்லாவா இருக்கு?" நியாயமான கேள்வி. நாலு நாள் கோபத்துக்கு எனக்குப் போடத்தான் ஆசை, இருந்தாலும் போடவில்லை. அப்படியே மேலே இன்னொரு பூச்சு அடித்து உங்களை நிரந்தரமாக்கிவிட்டேன். இனி எங்கள் வீட்டில் எந்த வேளை சாப்பிட்டாலும் நீங்கள் கூட இருப்பீர்கள். அந்த இடத்தில் சூடான பாத்திரம் வைப்பதில்லை, கவலை வேண்டாம்.

அடுத்தது நாற்காலிகள். ஆறு நாற்காலியிலும் பிரம்பை அறுத்தெடுத்துவிட்டு, பரணில் கிடந்த பழைய கட்டில் பலகையை அளந்து வெட்டி, மேலே கிழிந்த மெத்தையின் பஞ்சை வைத்து, அதன் மேல் துணி போட்டு ஆணி அடித்தேன். துணிக்கு அடுப்படி ஜன்னல் திரையைக் கழற்றினேன். அதனால் இப்போது எதிர்வீட்டு டீச்சருக்கு எங்கள் வீடு முழுசாகத் தெரிகிறது. நான் சுத்தியலைத் தூக்கினால் போதும், "சார், ஆணி கோணலா போகுது", "சார், அந்தக் கால் நேரா இல்ல" என்று அங்கிருந்தே திருத்துகிறார். தரப் பரிசோதகர் இருந்தால் வேலை செய்பவனுக்கு எப்படி இருக்கும் என்று இந்த வயதில் தெரிந்துகொண்டேன். நாலாவது நாற்காலியைத் தரையில் உட்கார்ந்து மடியில் சாய்த்து வைத்து மும்முரமாக அடித்துக்கொண்டிருந்தபோது போன் மணி அடித்தது. எழுந்தேன். நாற்காலியும் கூடவே எழுந்தது. திரையோடு என் கைலியையும் சேர்த்து ஏழு ஆணி அடித்திருக்கிறேன். நாற்காலியை இடுப்பில் தொங்கவிட்டபடியே போய்ப் போனை எடுத்தால், நீங்கள். "எப்படிப் போகுது அண்ணே வேலை?" என்றீர்கள். "உட்காரக்கூட நேரமில்ல" என்றேனே, நினைவிருக்கிறதா? டமார் என்று ஒரு சத்தம் கேட்டு என்ன என்றீர்களே, அது நாற்காலி நிலைப்படியில் இடித்த சத்தம். நீங்கள் நாற்காலியில் சிக்கிய அன்றைக்கு உங்களைப் பார்த்து நான் மனசுக்குள் சிரித்ததற்குத் தண்டனை என்று எடுத்துக்கொண்டேன்.

திரைத்துணி ஐந்து நாற்காலிக்குத்தான் வந்தது. ஆறாவதற்கு என் தொழிற்சாலைச் சீருடைச் சட்டையைப் போட்டுவிட்டேன். பையை வெட்ட மனசு வரவில்லை, பையோடு சேர்த்தே அடித்துவிட்டேன். மூக்குக்கண்ணாடி வைத்துக்கொள்ள வசதி. அது உங்களுக்கு என்று ஒதுக்கியிருக்கிறேன். கனத்த துணி, உங்களைத் தாங்கும்.

நேற்றுக் காலை எல்லாவற்றையும் கூடத்தில் போட்டுவிட்டு என் மனைவியைக் கூப்பிட்டேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். மேசையைச் சுற்றி வந்தாள். ஓரத்தைத் தடவினாள். ஒவ்வொரு நாற்காலியிலும் உட்கார்ந்து எழுந்தாள். என்னிடம் டார்ச் லைட் கொண்டுவந்து நீட்டிவிட்டு நிற்பார்களே, அவர்கள் முகமெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. கடைசியில், "பரவாயில்ல" என்றாள். "பரவாயில்லன்னா என்ன அர்த்தம்? ஏற்பா, நிராகரிப்பா?" என்றேன். "பரவாயில்லன்னா பரவாயில்ல. சாப்பிட வாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்த் தட்டெடுத்து வைத்தாள். இரண்டு பேரும் சாப்பிட்டோம். மேசை நின்றது. நான் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டதைவிட மேசையைப் பார்த்துச் சாப்பிட்டதுதான் அதிகம்.

ஆகவே லாரியை அனுப்ப வேண்டாம். ஏற்றியிருந்தால் தயவுசெய்து இறக்கிவிடவும். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இருவரும் மட்டும் வாருங்கள், இதே மேசையில் சாப்பிடலாம். தங்கள் துணைவியாருக்கு என் அன்பு. தாங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், வியாபாரம் பெருகி, எந்த நாற்காலியிலும் சிக்காமல் நீடூழி வாழ வாழ்த்தும்,

தங்கள் அன்புச் சகலை

பின்குறிப்பு: மேலே எழுதியதைத் தயவுசெய்து மறந்துவிடவும். உறையில் போடுவதற்கு முன்பு பழக்கதோஷத்தில் மேசையை ஒரு தடவை முறைப்படி சோதித்துப் பார்த்தேன். பதினேழு குறைகள். வார்னிஷில் பனியன் நூல், ஒரு கால் நூலளவு குட்டை, ஓரத்தில் என் கட்டைவிரல் ரேகை, இன்னும் பதினாலு. இதே வேலையை வேறு எவன் கொண்டுவந்திருந்தாலும் நான் விட்டிருக்கமாட்டேன். எனக்கு மட்டும் ஒரு நியாயமா? பழைய முத்திரையைத் தேடி எடுத்து, ஒரு தாளில் 'நிராகரிப்பு' என்று குத்தி மேசை மேல் வைத்துவிட்டேன். வார்னிஷ் இன்னும் சரியாகக் காயவில்லை போலிருக்கிறது, தாள் ஒட்டிக்கொண்டது. உங்கள் முகத்துக்குப் பக்கத்தில். லாரியை அனுப்பிவிடுங்கள். சொன்னபடி நானே நின்று இறக்குகிறேன்.

இன்னொன்று: தம்பி, இது நான் எழுதறது, உங்க அக்கா. இவரு கடிதத்தைக் குடுத்து தபால்ல போடச் சொல்லிட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு உள்ள போயிட்டாரு. பிரிச்சுப் படிச்சேன். லாரி வேண்டவே வேண்டாம். செஞ்சவர் சோதிச்சது செல்லாது, இது அவர் மாட்டி வெச்ச சட்டம்தானே? சோதிக்க வேண்டியது நான். நான் ஏத்துக்கிட்டேன். அந்த நிராகரிப்புத் தாளை இப்பத்தான் நானே உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு எடுத்தேன், உங்க மூஞ்சி மேல படாம. ஞாயித்துக்கிழமை தங்கச்சியைக் கூட்டிக்கிட்டு வெறும் கையோட வாங்க. மேசை லேசா ஆடும். ஆடலைன்னு சொல்லுங்க.