மருந்து பேச வைத்த பேச்சு

கடம்பூர்,
12.1.1998

மரியாதைக்குரிய மச்சான் முத்துசெல்வம் அவர்களுக்கு, சோலைமுத்து வணக்கத்துடன் எழுதுவது. மும்பையில் தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகம்தானே? இங்கே நான் சுகம், மாடு சுகம். உங்கள் தங்கை அழகுத்தாயும் சுகம் என்று எழுத இன்றைக்குத்தான் தைரியம் வந்தது.

நான் அவளுக்கு விஷம் கொடுத்துவிட்டதாக யாரோ உங்களுக்குப் போன் போட்டார்களாம். ஆள் திரட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னீர்களாம். தயவுசெய்து இதைப் படித்துவிட்டு ரயில் ஏறுங்கள்.

போன செவ்வாய்க்கிழமை பருத்திக்குப் பூச்சிமருந்து அடிக்க வேண்டியிருந்தது. எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டதால் அழகுத்தாய் தெளிப்பானை முதுகில் மாட்டினாள். மூடி ஒழுகும் என்று தெரிந்தே, துணியைச் சுற்றி நான்தான் கொடுத்தேன். அது என் தப்பு. மத்தியானம் வரப்புக்கு வந்தவளுக்கு முதுகெல்லாம் மருந்து, வேர்வை கொட்டுகிறது, எச்சில் நூலாக இறங்குகிறது, வாந்தி வேறு. "கண்ணு மங்குது" என்று சாய்ந்துவிட்டாள். நெஞ்சுக்குள் உலை கொதிக்கிற சத்தம். வேன் பிடித்துக் கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

டாக்டரம்மா சுகுணா அவள் கண்ணில் டார்ச் அடித்தார். கருமணி ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தது. சேலையை அகற்றி, சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி, அட்ரோபின் என்ற ஊசியைப் போட ஆரம்பித்தார். "எச்சி ஊறுதது, வேர்க்கது, நெஞ்சு துடிக்கது எல்லாம் நாம சொல்லாமலே ஒரு நரம்பு நடத்துது. பூச்சிமருந்து அதை நிக்க விடாம ஓட்டுது. இந்த ஊசி தடுக்கும். நெஞ்சுச் சளி வத்துற வரைக்கும் போடணும்" என்றார். சில நிமிடத்துக்கு ஒரு ஊசி. ஒவ்வொன்றுக்கும் நான் செத்துப் பிழைத்தேன்.

சாயங்காலம் சளி வற்றியது. வாய் வறண்டு, முகம் சிவந்து, கருமணி அகலமாக விரிந்து, உங்கள் தங்கை பேச ஆரம்பித்தாள். அந்த நேரம் பார்த்து, விஷக் கேஸ் என்று ஆஸ்பத்திரியில் தகவல் சொல்ல, போலீஸ் ஏட்டையா விசாரிக்க வந்துவிட்டார்.

"இவியதான் மருந்து குடுத்தாவ! கையில எடுத்துக் குடுத்தாவ!" என்று என்னைக் காட்டினாள்.

ஏட்டையா பேனாவைத் திறந்தார். மச்சான், எனக்கு ஊசி போடாமலே நாக்கு ஒட்டிக்கொண்டது, நெஞ்சு தடதடத்தது. "பயமும் அந்த வேலையைத்தான் செய்யும், உக்காருங்க" என்றார் டாக்டரம்மா. பிறகு ஏட்டையாவிடம், "குடிக்கலை. தோல் வழியா இறங்கியிருக்கு. இப்பப் பேசுதது ஊசியோட வேகம்" என்றார். பேனா மூடியது. உங்கள் தங்கை மூடவில்லை. என் இடுப்புவலி சீட்டாட்டத்துக்கு மட்டும் விட்டுப்போவது முதல் இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தையும் சொல்லித் தீர்த்தாள். வார்டே சாப்பாட்டை மறந்து கேட்டது.

டாக்டரம்மா ஊசியைக் குறைத்தார். சட்டென்று பேச்சு நின்றது. எனக்கு உயிரே போய்விட்டது. "ஏட்டி, ஏசுட்டி! என்னை ஏசு!" என்று அவளை உலுக்கினேன். நர்ஸ் செண்பகவல்லி நாடி பார்த்து, "தூங்குதாவ அண்ணாச்சி, கையை விடுங்க" என்றாள். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். மறுநாள் விழித்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஆகவே அவள் பேசியதாக உங்கள் காதுக்கு வருகிற எதையும் மனதில் வைக்க வேண்டாம். எல்லாம் மருந்து பேசியது. ஒழுகிய தெளிப்பானை உடைத்துப் போட்டுவிட்டேன். அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

தங்கள் அன்புள்ள,
சோலைமுத்து

பி.கு: ஒட்டும் முன் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். தூங்கி எழுந்தபோதே புத்தி தெளிந்துவிட்டதாம். மறுநாள் பேசியது முழுக்கத் தெரிந்தே பேசியதாம். இன்னும் மிச்சம் இருக்கிறதாம், அதை அண்ணன் வந்தால்தான் சொல்வாளாம். டிக்கெட் எடுத்துவிடுங்கள். ஆள் மட்டும் வேண்டாம்.